7.7 என்ற எண்ணுக்கு வெளியே

சென்ற மாதம் வேளச்சேரிப் பக்கம் நடந்துவரும் ஒரு நான்கு மாடிக் கட்டட வேலையில், பில்லருக்கான ரிங்குகளை, அதாவது தூணின் செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களைக் குவித்து வைத்திருந்த இடத்தில் நின்று ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர் கம்பியை நான்கு மூலையிலும் மடக்கிச் சதுரமாக்கி, இரு முனைகளும் சந்திக்கும் மூலையில் கொக்கி போட்டிருந்தார்கள். அந்தக் கொக்கி 90 பாகையில், செங்கோணமாக நின்றது. வரைபடத்தில் நான் குறித்துக் கொடுத்திருந்தது 135 பாகை. கம்பி மேஸ்திரியிடம் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை.

“தொண்ணூறுல மடக்குனா பில்லர் கம்பியில சுளுவா மாட்டிடலாம் மேடம். நூத்தி முப்பத்தஞ்சுன்னா ஒவ்வொண்ணையும் விரிச்சு, உள்ள விட்டு, மறுபடி மடக்கணும். பசங்க கை வலிக்குதுன்றாங்க. அதுவும் இல்லாம, மெட்ராஸ்ல எங்க மேடம் பூகம்பம் வருது?”

விதிநூலில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்பி வளைக்கும் ஒரு மனிதருக்கு அது பதிலே இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எழுதிப் பார்க்கும் முயற்சிதான் இந்தப் பதிவு. அது 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் தொடங்குகிறது.

அன்று நான் கட்டடப் பொறியியல் மாணவி. கல்லூரியில் கொடியேற்றம் முடிந்து, விடுதித் தொலைக்காட்சியில் தில்லி அணிவகுப்பைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்த காலைப் பொழுதில்தான் குஜராத்திலிருந்து செய்தி வரத் தொடங்கியது. காலை 8.46 மணிக்குக் கட்ச் மாவட்டத்தில், பச்சாவ் நகருக்கு அருகில் நிலம் அதிர்ந்திருந்தது. பூஜ், பச்சாவ், அஞ்சார், ராப்பர் ஆகிய ஊர்கள் தரைமட்டமாகக் கிடந்தன. அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலமாகக் குறுகிய தெருவொன்றில் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் மீது இருபுறத்து வீடுகளும் சரிந்தன. ஏறத்தாழ 185 பிள்ளைகளும் அவர்களுடன் சென்ற ஆசிரியர்கள் சிலரும் மாண்டனர். அரசுக் கணக்கின்படி மாநிலத்தில் மொத்த உயிரிழப்பு 13,800-ஐ ஒட்டியது; 20,000 வரை சொல்லும் கணக்குகளும் உண்டு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக இடிந்தன.

எனக்கு அந்த நாளில் பிடிபடாமல் போனவை இரண்டு. ஒன்று, அதிர்வின் அளவு 6.9 என்று இந்திய வானிலை ஆய்வுத் துறையும், 7.9 என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமும் முதலில் அறிவித்தது. ஒரே நிலநடுக்கத்துக்கு எப்படி இரண்டு எண்கள்? மற்றொன்று அகமதாபாத். பச்சாவிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்நகரத்தில் 70-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவற்றில் பல அப்போதுதான் கட்டி முடித்த புதுக் கட்டடங்கள்; பக்கத்திலேயே நின்ற பழைய வீடுகளோ கீறலோடு தப்பியிருந்தன. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடப் போனவள்தான், இன்றுவரை அந்தப் பக்கத்தை விட்டு வரவில்லை.

முதலில் அங்கே நிலம் ஏன் அதிர்ந்தது என்பதைப் பார்த்துவிடலாம். புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்பதும், அவை நகர்ந்து மோதும் விளிம்புகளில் நிலநடுக்கம் உண்டாகிறது என்பதும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த முட்டலில் எழுந்ததுதான் இமயமலை. ஆனால் கட்ச் அந்த விளிம்பில் இல்லை. தட்டின் எல்லை அங்கிருந்து முந்நூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா பிரிந்துவந்த காலத்தில், கட்ச் பகுதியின் பாறைகள் இழுபட்டுக் கிழிந்து பல பிளவுகள் உண்டாயின. அந்தக் கிழிசல்கள் ஆறிய தழும்புகளைப் போல உள்ளே கிடந்தன. இப்போது வடக்கே வழியடைக்கப்பட்ட தட்டு நெருக்கப்படும்போது, முன்பு இழுத்துக் கிழிந்த அதே இடங்கள் அழுத்தத்தில் நெரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பார்க்கின்றன. பாறை உடனே வழுக்கிவிடுவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். உராய்வு தாங்காத கணத்தில் இரு பக்கமும் சட்டென நகர்ந்து பழைய நிலைக்கு நிமிரும்.

கம்பி வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க உவமையே தேவையில்லை. நீளமான முறுக்குக் கம்பியை இருவர் பிடித்து லேசாக வளைத்து, ஒருவர் கைநழுவ விட்டால் மறுமுனை எப்படி அடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அடிதான் நிலநடுக்கம். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், நேராக ஓடிய வேலிகள் பிளவின் இருபுறமும் பல அடி விலகி நின்றதைக் கண்டு, ஹாரி ஃபீல்டிங் ரீடு என்பவர் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

கட்ச் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1819 ஜூன் 16-இல் அங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில், ரண் எனப்படும் உவர்வெளியின் குறுக்கே 80 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு நிலம் ஆறு மீட்டர் உயரம் வரை எழும்பி நின்றது. சிந்து ஆற்றின் பழைய கிளையொன்றை அது மறித்தது. அதன் தெற்கே தாழ்ந்த நிலத்தில் நீர் புகுந்து சிந்திரி என்ற கோட்டையை மூழ்கடித்தது. மனிதர் கட்டிய கரை ஒன்று ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் இருந்ததால், இதனை அல்லா பந்து, அதாவது இறைவன் கட்டிய அணை என்று மக்கள் அழைத்தார்கள். 2001-இல் அப்படி எதுவும் எழவில்லை. உடைப்பு ஆழத்திலேயே நின்றுவிட்டது. தரையில் தேடிப்போன நிலவியலாளர்களுக்குப் பிளவின் வாய் அகப்படவேயில்லை. நிலத்தின் மேல் எந்தக் கோடும் காட்டாத இத்தகைய மறைபிளவுகளை வரைபடத்தில் குறித்து வைப்பது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். நம்மிடம் இருக்கும் நிலநடுக்க மண்டல வரைபடத்தை நான் மதிப்பதும் முழுதாக நம்பாமல் இருப்பதும் இதனால்தான்.

இனி அந்த 6.9, 7.9 விவகாரம். இதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1897 ஜூன் 12-இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் நிலநடுக்கக் கருவிகள் நிறுவப்பட்டன. கல்கத்தாவின் அலிப்பூரில் 1898 டிசம்பரில் ஒன்று. அதை அடுத்துப் பம்பாயில் கொலாபாவிலும், நம் கொடைக்கானல் வானாய்வகத்திலும் ஜான் மில்ன் வடிவமைத்த கருவிகள் வைக்கப்பட்டன. சூரியனைப் பார்ப்பதற்கென்று மலையுச்சியில் அமைத்த ஆய்வகம், பூமிக்கடியில் நடப்பதையும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தது என்பது, கொடைக்கானலுக்குப் போய் ஏரியில் படகு விட்டுத் திரும்பும் நம்மில் பலருக்குத் தெரியாது. அதே அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த இந்திய நிலவியல் துறையின் ரிச்சர்ட் ஓல்டுஹாம், தொலைவில் பதிவான கோடுகளில் மூன்று வகை அலைகள் தனித்தனியே வந்து சேர்வதை அடையாளம் கண்டார். முதலில் வருவது பாறையை நெருக்கியும் நெகிழ்த்தியும் ஓடும் முதன்மை அலை. அடுத்தது பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு வரும் இரண்டாம் அலை. கடைசியாக, தரையின் மேற்பரப்பை ஒட்டித் தவழ்ந்து நெடுநேரம் உலுக்கும் பரப்பலைகள். முதலிரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால், நிலநடுக்கம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது என்று தோராயமாகக் கிடைத்துவிடும். மூன்று நிலையங்களின் தொலைவு தெரிந்தால் இடமும் தெரிந்துவிடும்.

எங்கே என்பதைக் காண்பது இவ்வளவு எளிது. எவ்வளவு என்பதுதான் சிக்கல். 1935-இல் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் வகுத்த முறை, குறிப்பிட்ட ஒரு வகைக் கருவியின் ஊசி 100 கிலோமீட்டர் தொலைவில் எவ்வளவு ஆடியது என்பதைக் கொண்டது. ஒரு மில்லிமீட்டர் ஆடினால் 3. பத்து மில்லிமீட்டர் ஆடினால் 4. இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஆட்டம் பத்து மடங்காகும். வெளிப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்காகும். ஆகவே 6.9-க்கும் 7.9-க்கும் உள்ள வேறுபாடு பார்வைக்கு ஒன்றுதான் என்றாலும், உண்மையில் முப்பத்திரண்டு நிலநடுக்கங்களின் வேறுபாடு. ரிக்டர் முறை கலிபோர்னியாவின் நடுத்தர அதிர்வுகளுக்கு ஏற்றது. விரைவான சிறு அலைகளை மட்டுமே அது கணக்கில் எடுப்பதால், நிலநடுக்கம் மிகப் பெரிதாகும்போது நிரம்பிய குடத்தைப் போல அதற்குமேல் ஏற மறுக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே, எவ்வளவு பரப்பில் பாறை உடைந்தது, எவ்வளவு தூரம் நழுவியது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் பெருக்கிப் பெறும் திருப்புத்திறன் அளவு உருவானது. டாம் ஹேங்ஸும் ஹிரூ கனமோரியும் அதற்கு இறுதி வடிவம் தந்தது 1979-இல். இன்று பெரிய நிலநடுக்கங்களுக்குச் சொல்லப்படும் எண் இதுவே. நம் செய்தியாளர்கள் மட்டும் இன்னமும் ‘ரிக்டர் அளவுகோலில்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதில் பெரிய குற்றமில்லை, பழகிய சொல் போகாது. பூஜ் நிலநடுக்கத்துக்கு இந்த முறையில் இறுதியாக நிலைத்த எண் 7.6 அல்லது 7.7.

முதல் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்றொன்று நான்கே ஆண்டுகளுக்குள் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமாத்திராவுக்கு அருகே தொடங்கிய உடைப்பு, நிக்கோபார், அந்தமான் தீவுகளை ஒட்டி வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பல நிமிடங்கள் ஓடியது. முதல் கால்மணி நேரத்தில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கணித்த அளவு 8.0. பின்னாளில் அது 9.1-க்கும் மேல் என்று ஆனது. கடலோரத் தமிழகத்தை அலை அடைவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்திருக்கலாம், என்ன நடக்கவில்லை என்பதை நாகப்பட்டினத்தில் ஆறாயிரம் பேரை இழந்த மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எண் சரியாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சொல்வது மண்ணுக்கடியில் நடந்ததை மட்டுமே. திருவிழாவில் போடும் அதிர்வேட்டில் எவ்வளவு மருந்து கிட்டித்தார்கள் என்பது ஒரு கணக்கு. அது தேரடியில் நின்றவர் நெஞ்சை உலுக்கியதும், ஆற்றுக்கு அக்கரையில் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தவர் காதில் மெல்ல விழுந்ததும் வேறு கணக்கு. நிலநடுக்கத்துக்கும் அந்த இரண்டாவது கணக்கு உண்டு. அதற்குப் பெயர் செறிவு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை படிகளாகப் பிரித்து, உரோமன் எண்களில் எழுதுவார்கள். தொங்கும் விளக்கு ஆடியதா, தூங்கியவர் விழித்தாரா, பூச்சு உதிர்ந்ததா, சுவர் பிளந்ததா, வீடு விழுந்ததா என்று ஊர் ஊராகக் கேட்டுத்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றே. செறிவு ஊருக்கு ஊர், சில வேளை தெருவுக்குத் தெரு மாறும்.

இந்த இரண்டும் எவ்வளவு தொடர்பற்றுப் போகக்கூடும் என்பதற்கு இரண்டு நாட்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 1993 செப்டம்பர் 30 அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், மகாராட்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரிக்கு அருகே நிலம் அதிர்ந்தது. அளவு 6.2. உலகக் கணக்கில் அப்படியொன்றும் பெரியதல்ல. பிள்ளையார் ஊர்வலம் முடிந்து களைத்து உறங்கிக் கொண்டிருந்த கிராமங்களில் பத்தாயிரம் பேர் அளவில் மாண்டனர். நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான மண்டலம் என்று அன்றைய வரைபடம் அந்தப் பகுதியைக் காட்டியிருந்தது. ஆகவே யாரும் எதற்கும் ஆயத்தமாக இல்லை. வீடுகளோ ஒழுங்கற்ற கருங்கற்களை மண்சாந்தில் அடுக்கிய கனத்த சுவர்கள், அவற்றின் மேல் மரம் பரப்பி, வெயில் தாங்குவதற்கென முழ உயரத்துக்கு மண் கொட்டிய கூரைகள். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிகழ்ந்ததன் அளவு 8.6, கில்லாரியைப் போல ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு ஆற்றல். அதில் இறந்தவர்கள் பத்துப் பேர் அளவிலேயே, அவர்களிலும் பெரும்பாலோர் அதிர்ச்சியில் மாரடைப்பு வந்தவர்கள்.

அந்த 2012-ஐ நான் உடம்பால் உணர்ந்தேன். அப்போது சென்னையில் ஒன்பதாவது மாடியில் எங்கள் அலுவலகம். சாப்பாட்டு வேளை முடிந்து நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தலை சுற்றுவதைப் போல இருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததால் வந்த கிறுகிறுப்பு என்றே எண்ணினேன். அப்புறம் பார்த்தால் தண்ணீர்க் குடுவையில் நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. ஜன்னல் திரையின் கயிறு, காற்றே இல்லாத அறையில், ஊஞ்சலைப் போல நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் படிக்கட்டில் இறங்கி ஓடினோம். கீழே தேநீர்க் கடைக்காரர் வழக்கம்போல ஆற்றிக்கொண்டிருந்தார், “என்னம்மா, தீ விபத்தா?” என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அவருக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தது என் கூர்மையால் அல்ல. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கே உரிய ஆட்ட நேரம் ஒன்று உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்பது எங்கள் வாய்க்கணக்கு. ஒரு மாடி வீடு படபடவென்று ஆடும், பத்து மாடி ஒரு நொடிக்கு ஒருமுறை மெல்லச் சாய்ந்து மீளும். விரைவான அலைகள் தொலைவு போகப் போகத் தேய்ந்துவிடும். நெடிய, மெதுவான அலைகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்தும் மிஞ்சும். அப்படி மிஞ்சி வந்தவை உயர்ந்த கட்டடங்களோடு மட்டும் தாளம் சேர்ந்தன. ஊஞ்சலில் பிள்ளையை வைத்து ஆட்டுபவர், அது திரும்பும் நேரம் பார்த்து மெல்லத் தள்ளினாலே போதும் அல்லவா? வந்த அலையும் ஏற்கும் கட்டடமும் ஒரே தாளத்தில் அமைந்துவிட்டால், சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகும்.

அகமதாபாதில் நடந்தது இதனுடைய கொடிய வடிவம். அந்நகரம் சபர்மதி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மீது அமர்ந்திருக்கிறது. பாறையில் விரைந்து ஓடிவந்த அலை, இளகிய மண்ணுக்குள் நுழையும்போது வேகம் குறையும். குறைந்த வேகத்துக்கு ஈடாக ஆட்டத்தின் அகலம் கூடும். ஆனாலும், அங்கே ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த கருவி அன்று பதிவு செய்த உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். அதாவது, கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைக் கொண்டு அடிவாரத்தில் பக்கவாட்டில் தள்ளியதைப் போல. கட்ச் பகுதி பெற்ற அடியோடு ஒப்பிட்டால் இது வெறும் தட்டு. ஒழுங்காகக் கட்டிய எதுவும் இதற்கு விழுந்திருக்கக் கூடாது.

விழுந்தவற்றின் படங்களை அடுத்த ஆண்டு எங்கள் பேராசிரியர் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். பெரும்பாலான படங்களில் ஒரே காட்சி. மேல்மாடிகள் அதிகச் சேதமின்றி இருக்கும். ஆனால் முதல் மாடி தரையில் உட்கார்ந்திருக்கும். தரைத்தளத்தைக் காணோம். அது கார் நிறுத்துமிடமாக விடப்பட்ட தளம். மேலே ஒவ்வொரு மாடியிலும் செங்கல் சுவர்கள் எழும்பி, தூண்களுக்கிடையே அடைத்து, மாடியைப் பெட்டியைப் போல விறைப்பாக்கிவிடுகின்றன. கீழே வெறும் தூண்கள். ஆட்டம் வரும்போது விறைத்த பெட்டி வளையாது. வளைய வேண்டிய பங்கு முழுவதும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து சேரும். அங்கேதான் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அங்கேதான் அவை இல்லை. இருந்தவற்றில் பல, கொக்கி விரிந்து வாய் பிளந்து கிடந்தன. பொங்கல் பானைக்குக் கட்டிய மஞ்சள் கொத்து அவிழ்ந்ததைப் போல, செங்குத்துக் கம்பிகள் நாற்புறமும் பிதுங்கி வளைந்திருந்தன. அந்தப் படத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மேஸ்திரியின் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

தூண் முன்னும் பின்னும் ஆடும்போது முதலில் உதிர்வது மேற்பூச்சும், கம்பிக்கு வெளியே இருக்கும் ஒன்றரை அங்குலக் கான்கிரீட்டும். 90 பாகைக் கொக்கியின் வால் அந்த வெளித்தோலில்தான் புதைந்திருக்கிறது. தோல் உதிர்ந்ததும் பற்றுக்கோடு இல்லாமல் விரிந்துவிடும். ரிங் விரிந்தால் செங்குத்துக் கம்பி பிதுங்கும். உள்ளே நொறுங்கிய கான்கிரீட்டைக் கட்டிப்பிடிக்க ஒன்றும் இராது. 135 பாகைக் கொக்கியோ மூலைக் கம்பியைச் சுற்றிக்கொண்டு தூணின் நடுவயிற்றுக்குள் வால் நீட்டியிருக்கும். வெளித்தோல் முழுவதும் போனாலும் அது விடாது. தூண் சேதமாகும், சாயும், பிற்பாடு இடித்துத்தான் ஆக வேண்டும் என்றும் ஆகலாம். ஆனால் உள்ளே இருப்பவர் இறங்கி வெளியே வருவதற்கு நேரம் தரும். நிலநடுக்கத்துக்கு ஏற்பக் கட்டுவது என்றால் ஆடாத கட்டடத்தைக் கட்டுவதல்ல, உடைந்தாலும் ஆளை நசுக்காத கட்டடத்தைக் கட்டுவதுதான்.

வேறு விளைவுகளும் அன்று கட்ச் மண்ணில் தெரிந்தன. நீர் ஊறிய மணல் உலுக்கப்படும்போது, மணற்பருக்கைகளுக்கு இடையே சிக்கிய நீரின் அழுத்தம் ஏறி, மண் சிறிது நேரம் கூழாகிவிடும். வறண்டு வெடித்துக் கிடந்த ரண் நிலத்தில் பல இடங்களில் மணலும் உப்புநீரும் பீறிட்டன. பரந்து நின்ற நீர் செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது. மண் அணைகள் சில அடித்தளம் இளகிப் பிளந்தன. அதற்கு முந்தைய பருவங்களில் மழை பொய்த்து அவற்றில் நீர் சொற்பமாகவே இருந்ததால் வெள்ளம் பெருகவில்லை. வறட்சி ஓர் ஊரைக் காப்பாற்றிய கதையை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் அலுவல் காரணமாகப் பூஜ் சென்றபோது, வடக்கே பன்னி புல்வெளிப் பக்கம் இருக்கும் வட்டக் குடிசைகளைப் பார்க்கப் போனேன். அவற்றுக்குப் புங்கா என்று பெயர்; நம் காதில் பூங்கா என்றே விழுகிறது. தடித்த மண்சுவர் வட்டமாக எழும்பி, மேலே கூம்பு வடிவில் புல் வேய்ந்திருக்கும். வட்டத்துக்கு மூலை இல்லை. ஆகவே பிளப்பதற்கு வசதியான இடமும் இல்லை. கூரை இலேசு, விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. 2001-இல் சதுரக் கல்வீடுகள் குவியலாகச் சரிந்த அதே பகுதியில் நல்ல நிலையில் இருந்த புங்காக்கள் பெரும்பாலும் நின்றன. அந்த வீட்டுக்கார அம்மாள் சுவரில் கண்ணாடிச் சில்லுகள் பதித்து மண்ணால் புடைப்புச் சித்திரம் செய்திருந்தார். அழகுக்காக எட்டிப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகளிடம் அவர் சுவரைத் தட்டிக் காட்டி, இது அன்றும் நின்றது என்று சைகையால் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மெட்ராசுக்கு வருகிறேன். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்டது அளவு 6-ஐ ஒட்டியது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. பூஜ் நடந்த அதே 2001-இல், செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில், புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னைவாசிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கில்லாரியிலும் பூஜிலும் பட்டபின் 2002-இல் இந்தியத் தரநிர்ணயக் குழுமம் மண்டல வரைபடத்தைத் திருத்தியது. மிகப் பாதுகாப்பானது என்ற முதல் மண்டலமே நீக்கப்பட்டது. இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. நான் மேஸ்திரியிடம் சொல்ல நினைத்த செய்தி இதுதான்: அந்த வரைபடத்தில் அகமதாபாதும் மூன்றாம் மண்டலமே. ஆற்று வண்டலும் களிமண்ணும், தரைத்தளத்தில் கார், மேலே நான்கு மாடி என்ற அதே அமைப்பு வேளச்சேரியில், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி, அடையாற்றுக் கரையில் எத்தனையோ தெருக்களில் நிற்கிறது. சென்னைக்கு நாளை வரும் என்று சொல்ல எவராலும் முடியாது. இன்ன நாளில் இன்ன இடத்தில் என்று முன்னறிவிக்கும் வழி இதுவரை இல்லை, அப்படி வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் புரளி. ஆனால் வராது என்று சொல்வதற்கும் கில்லாரிக்குப் பிறகு எவருக்கும் வாய் எழக் கூடாது.

அந்த ரிங்குகளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் பதினாறு மில்லிமீட்டர் கம்பி நான்கை நிறுத்தச் சொல்லி, கீழே ஒரு பழைய ரிங்கும் அதற்கு மேலே 135 பாகையில் புதிதாக மடக்கிய ஒன்றும் மாட்டச் சொன்னேன். மேஸ்திரி எதுவும் கேட்கவில்லை. பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கடப்பாரையை அவரே எடுத்தார். கீழ் ரிங்குக்குள் நுனியை விட்டு நெம்பியதும் கொக்கி நெகிழ்ந்து விலகியது. மேலே உள்ளதை நெம்பியபோது மூலைக் கம்பியும் சேர்ந்து இழுபட்டதே தவிர, கொக்கி விடவில்லை. இன்னொரு முறை நெம்பிப் பார்த்தார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரைத்தளத்துத் தூண்களைக் கண்ணாலேயே எண்ணினார்.

“பதினாலு பில்லர். ஒண்ணுக்கு இருவத்தி நாலு ரிங். ரெண்டு ஆளு, ரெண்டு நாள் கூலி கூடுதலா ஆகும் மேடம். ஓனர் குடுப்பாரா?”

எழுதிக்கொள்ளுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிமெண்ட் மூட்டையிலிருந்து கிழித்த தாளில் 336 என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டார்.